நாலு மூலைக்கும் மஞ்சள்

எங்கள் கம்பெனியில் யாருக்கு என்ன சம்பளம் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் முதலாளி சிவராமன். இன்னொருத்தி நான். கணக்கு, சம்பளம், ஆள் எடுப்பது, டீத்தூள் வாங்குவது எல்லாம் என் தலையில்தான். பெரிய கம்பெனிகளில் இதற்கெல்லாம் தனித்தனியாக ஆட்கள் வைத்திருப்பார்கள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிஸ்கட் கிடங்கின் மாடியில் இருக்கும் எங்கள் மென்பொருள் கம்பெனிக்கு இந்தக் கஸ்தூரி ஒருத்தி போதும் என்று சிவராமன் முடிவு செய்துவிட்டார்.

அதனால் மணவாளனைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம். அவன் சம்பளத்தை மாதாமாதம் போட்டவள் நான். போடும்போதெல்லாம் இவ்வளவுதானா என்று வயிறெரிந்தவளும் நான்.

மணவாளனுக்கு வயது இருபத்தாறு. பெயரைக் கேட்டால் அறுபது இருக்கும் என்று தோன்றும். திருமழிசைக்காரன். பெருமாள் கோயில் பக்கத்துத் தெருவில் பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆபீஸில் எல்லோரும் 'மணா' என்பார்கள். நான் மட்டும் முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் இன்னும் கொஞ்சம் நீட்டுவேன்.

தினமும் பைக்கில் பூந்தமல்லி வந்து, திருவேற்காட்டு நெரிசலில் ஊர்ந்து, அயனம்பாக்கம் ஏரிப் பக்கமாகச் சுற்றி எஸ்டேட்டுக்கு வந்து சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். வந்ததும் வராததுமாக ஏ.சி.க்கு நேர் கீழே போய் நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொள்வான். பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடம் என்ற வெட்கம் கிடையாது.

"இது என்னடா அசிங்கம்?" என்று கத்துவேன்.

"தண்ணி லாரி பின்னாடியே வந்துகினு இருந்தேன்கா. பாதி குளிச்சிட்டேன், மீதிய காய வெச்சிகினு கீறேன்" என்பான். திட்ட வாயெடுத்தவள் சிரித்துத் தொலைப்பேன்.

சேர்ந்தபோது அவனுக்கு ஃபோன் எடுக்கும் வேலை. எங்கள் கம்பெனி சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு ஒரு ஆப் விற்கிறது. எந்த மெஷினில் என்ன வேலை ஓடுகிறது, எது சும்மா நிற்கிறது என்று பட்டறை முதலாளி தன் ஃபோனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மெஷின்மேலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டீக்கடையில் காசு கட்ட ஸ்கேன் செய்கிறோமே, அதே மாதிரி கட்டம் கட்டமான படம். வேலையைத் தொடங்குகிறவர் பட்டறை ஃபோனால் அதை ஸ்கேன் செய்து வேலை நம்பரைப் போட்டால் போதும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பட்டறைகளிலிருந்து நாளெல்லாம் ஃபோன் வரும். "அது தெரியல, இது வரல, எதுக்கு எல்லாம் சிவப்பா இருக்கு?" மற்ற பையன்கள், "ஃபோனை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபோனை எடுப்பார்கள். மணவாளன் பைக்கை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கே போய்விடுவான். போனவன் ஒரு மணி நேரம் கழித்துக் கையெல்லாம் கிரீஸோடு வருவான். ஃபோன் எடுக்க ஆள் இல்லையே என்று சிவராமன் கத்துவார். ஆனால் அவன் போய்வந்த பட்டறையிலிருந்து அதற்கப்புறம் புகார் வராது.

இதைக் கவனித்துவிட்டுத்தான் சிவராமன் அவனை 'அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர்' ஆக்கினார். பெயர் முழ நீளம். சம்பளம் பிடித்தம் போக முப்பத்தெட்டாயிரம். ஃபோன் எடுத்தபோது வாங்கியதைவிட மூவாயிரம் கூட.

அந்த வேலை என்ன என்று கேட்டால் விளக்கிச் சொல்ல எனக்கே நாக்குத் தள்ளும். ஆப் எப்படி இருக்க வேண்டும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் செய்து தருகிற கம்ப்யூட்டர் பையன்கள் அவன் சொன்னதைக் கேட்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கெஞ்சலாம், மிஞ்சலாம், டீ வாங்கித் தரலாம். நன்றாக வந்தால் பையன்களுக்குப் பாராட்டு. சொதப்பினால் "மணா எங்கே?"

அவன் அம்மா வடிவு ஒருமுறை பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுத்தபோது என்னிடமே கேட்டார்.

"மேனேஜருன்றான். இவன் கீழ எத்தினி பேரு வேல பாக்கறாங்கம்மா?"

"யாரும் இல்லைங்க."

"யாருமே இல்லாத மேனேஜரா?" என்றவர் மகனை ஒரு பார்வை பார்த்தார். அவன் கரும்பைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

மூவாயிரத்துக்காக அவன் அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தொழிலில் வளர்ச்சி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அம்பத்தூரில் சம்பளம் ஏறாது. ஏற வேண்டும் என்றால் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற பெரிய கம்பெனிகளுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பெங்களூர். அங்கே போனால் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு. அவனுக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த தீபிகா அப்படித்தான் போனாள். ஆனால் அவள் போனது 'அசோசியேட்' என்ற சொல் உதிர்ந்த பிறகு. கற்றுக்குட்டி என்று காட்டுகிற அந்தச் சொல் இருக்கிற வரைக்கும் வெளியே யாரும் மதிக்க மாட்டார்கள். பெங்களூர் கம்பெனி ஒன்று மணவாளனைக் கூப்பிட்டது. ஃபோனில் பேசிய பெண் கேட்ட முதல் கேள்வி, "நீங்க அசோசியேட்டா, ப்ராடக்ட் மேனேஜரா?" இவன் உண்மையைச் சொன்னான். "அப்புறம் கூப்பிடுறோம்" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அவன் மத்தியானம் சாப்பிடவில்லை. எப்போதும் என் டிபன் பாக்ஸிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தின்கிறவன், அப்படியே வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தான். எனக்கு மனசே ஆறவில்லை.

போன செப்டம்பரில்தான் வழி பிறந்தது. ஓசூரில் ஆறு தொழிற்சாலைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனி எங்கள் ஆப்பைப் பார்க்கச் சம்மதித்தது. சிவராமன் மணவாளனைக் கூப்பிட்டார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"அவங்க கையெழுத்து போட்டா உனக்கு அசோசியேட்டை எடுத்துடறேன் மணா. சம்பளம் அறுபதாயிரம். போடலைன்னா எனக்கு இந்த ப்ராடக்ட் போஸ்ட்டே கட்டுப்படியாகாது. நீ பழையபடி ஃபோனுக்கே போயிடணும். ஓப்பனா சொல்லிட்டேன்."

சிவராமன் கெட்டவர் இல்லை. வாடகை கட்டுகிற வாரம் அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். ஆனாலும் ஃபோனுக்கே திரும்பிப் போ என்றதைக் கேட்டதும் மணவாளன் முகம் சுண்டிப்போனது. இரண்டு வருடம் ஓடியது ஒன்றுமில்லாமல் போகும். பெங்களூர் கதவு மறுபடி திறக்காது.

ஓசூர்க்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஆபீஸில் உட்கார்ந்து படம் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். உண்மையான பட்டறையில், உண்மையான தொழிலாளர்கள் பயன்படுத்துவதைப் பார்க்க வேண்டுமாம். மணவாளன் யோசிக்காமல் ஜெயராமன் பட்டறையைச் சொன்னான்.

அதற்குக் காரணம் உண்டு. அம்பத்தூரிலேயே இருக்கிற அந்தப் பட்டறையில் பன்னிரண்டு மெஷின்கள். பம்பு, ஆட்டோவுக்கெல்லாம் உதிரிபாகம் செய்கிறார்கள். முதன்முதலில் ஸ்டிக்கர் ஒட்டப் போனபோது அங்கே மூத்த லேத் மெஷின் ஆபரேட்டரான அப்துல் ரசாக் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"நான் ஒண்ணுக்குப் போனாக்கூட முதலாளி ஃபோன்ல மணி அடிக்குமா நைனா? எட்த்துகினு போ உன் ஸ்டிக்கர."

மணவாளன் ஸ்டிக்கரைப் பையில் போட்டுக்கொண்டு, போகாமல், ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மூன்று நாள் அங்கேயே கிடந்தான். மெஷின் நிற்பதற்கு முக்கால்வாசி காரணம், அறுக்க வேண்டிய இரும்பு வந்து சேராததுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் எங்கள் ஆப்பில் மெஷின் எதற்காக நின்றாலும் ஆபரேட்டர் பெயருக்கு நேராகத்தான் சிவப்பு விழும். மணவாளன் வந்து கம்ப்யூட்டர் பையன் தினேஷோடு மல்லுக்கு நின்றான். 'சரக்கு வரல' என்று ஒரு பொத்தான் வேண்டும், அதை அழுத்தினால் சிவப்பு முதலாளி பெயருக்குப் போக வேண்டும் என்றான். காசு கொடுக்கிறவன் பெயரிலேயே சிவப்பா என்று தினேஷ் தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு பேரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பொத்தான் வந்தது. ஜெயராமனும் முதலில் முறைத்துவிட்டு, அப்புறம் இரும்பு வாங்குகிற ஆளைப் பிடித்து உலுக்கினார். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் மணவாளன் எல்லாருக்கும் செல்லப்பிள்ளை.

ஓசூர்க்காரர்கள் விஜயதசமி காலையில் வருவதாகச் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் தொழிற்சாலைக்கு விடுமுறை. ஜெயராமன் பட்டறையிலோ அன்றைக்குத்தான் சூடம் ஏற்றி மெஷினைத் திரும்ப ஓட்டுவார்கள். நல்ல நாள், புதுக் காரியம் தொடங்க ஏற்றது என்று ஜெயராமனுக்கும் சந்தோஷம்.

முதல் நாள் ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீஸ் ஆட்களையெல்லாம் பொரி கடலை வாங்கிப் போகச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். எஸ்டேட்டில் ஆயுத பூஜை பார்க்க ஆயிரம் கண் வேண்டும். வருடம் முழுக்க எண்ணெயும் இரும்புத் தூளுமாகக் கிடக்கிற இடம், அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி இருக்கும். மெஷின்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். தொழிலாளர்கள் துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அடையாளம் தெரியாமல் நின்றார்கள்.

மணவாளனும் நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒரு இளம் ஆபரேட்டர் சந்தனக் கிண்ணத்தையும் மஞ்சளையும் அவன் கையில் கொடுத்தான்.

"இன்னா நைனா, எங்க மெஷினுக்கு நாங்க வெச்சிட்டோம். உன் ஸ்டிக்கர் மட்டும் மொட்டையா கீது பாரு. அதுக்கு நீ வெய்யி."

மணவாளன் முகம் பூரித்துப் போனதை நான் பார்த்தேன். எடுத்துக்கொண்டு போ என்று விரட்டிய அதே ஸ்டிக்கர். இன்றைக்கு அதற்குப் பொட்டு வைக்காமல் விட்டால் குறை என்று அவர்களே சொல்கிறார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மெஷினாகப் போய், ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் பொறுமையாக, அழகாக வைத்தான். நாலு மூலைக்கும் மஞ்சள், நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற மாதிரியே வைத்தான். வேலையை இவ்வளவு ஆசையாகச் செய்கிற பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று நானும் அந்தச் சூடத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

பூசணிக்காய் உடைத்தார்கள். பூஜை முடிந்தால் அப்புறம் யாரும் மெஷினைத் தொடக் கூடாது. பட்டறை ஃபோனும் சாமி படத்துக்கு முன்னால் அணைந்து கிடந்தது. பொரியை மென்றுகொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை நானும் சிவராமனும் ஒப்பந்தக் காகிதங்களோடு பட்டறைக்குப் போனபோது, மணவாளன் ஒரு லேத்துக்கு முன்னால் ஃபோனைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னாடா?" என்று அவன் பாஷையிலேயே கேட்டேன்.

"ஸ்கேன் ஆகலக்கா."

அடுத்த மெஷின். ஆகவில்லை. அதற்கடுத்தது. ஆகவில்லை. பன்னிரண்டும் அப்படித்தான். அந்தக் கட்டம் கட்டமான படத்தில் மூன்று மூலைகளில் மூன்று பெரிய சதுரங்கள் இருக்கும். அந்தச் சதுரங்களைப் பார்த்துத்தான் கேமரா இது இன்னது என்று கண்டுபிடிக்கும். எங்கள் மணவாளன் மூன்றையும் மஞ்சளால் மெழுகி வைத்திருந்தான்.

சிவராமன் பல்லைக் கடித்துக்கொண்டு, "துடைடா" என்றார். வேஸ்ட் துணியை எடுத்தவனை ஜெயராமன் ஓடிவந்து தடுத்தார்.

"சார், என்ன வேணா செய்யுங்க. விஜயதசமி அன்னிக்கு, மெஷினை ஓட்டறதுக்கு முன்னாடி, சாமிக்கு வெச்ச பொட்டை அழிக்க என்னால விட முடியாது. பசங்க ஒருத்தனும் அப்புறம் மெஷினைத் தொட மாட்டான்."

அது உண்மைதான். அத்தனை பேரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணவாளனே அதைக் கீழே போட்டுவிட்டான். அவனுக்கும் மனசு வந்திருக்காது. புது ஸ்டிக்கர் அடிக்கலாம் என்றால், அச்சுக் கடைக்குப் பூஜை விடுமுறை. வாசலில் கார் சத்தம் கேட்டது.

ஓசூரிலிருந்து வந்தவர் சித்ரா, அவர்கள் கம்பெனியின் உற்பத்தித் தலைவர். காட்டன் புடவை, கையில் ஒரு தண்ணீர் பாட்டில், அதிகம் பேசாத முகம். சுவரில் மாட்டியிருந்த டி.வி.யில் பன்னிரண்டு மெஷினும் பன்னிரண்டு சிவப்புக் கட்டமாகத் தெரிந்தன. சூடம் காட்டி முடிந்ததும் சித்ரா, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

சிவராமன் முந்திக்கொண்டார். "ஒரு சின்னப் பிரச்சினை மேடம். லேபர்ஸ் விஷயம் தெரியாம, பூஜை போடறப்போ ஸ்டிக்கர் மேல மஞ்சள் வெச்சுட்டாங்க. நாங்க ட்ரெய்னிங்ல சொல்லிக் கொடுத்துதான் இருக்கோம்."

தொழிலாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்துல் ரசாக் மட்டும் மணவாளனைப் பார்த்தார். அப்போது அவன் சும்மா இருந்திருந்தால் பழி அவர்களோடு போயிருக்கும். அவன் வேலையும் ஒருவேளை தப்பியிருக்கும்.

"இல்ல மேடம்," என்றான். "அவங்க மெஷினுக்குத்தான் வெச்சாங்க. ஸ்டிக்கருக்கு வெச்சது நான்."

சிவராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்களா? நீங்கதானே இதோட மேனேஜர்?"

"ஆமா மேடம். எங்க ஊட்ல புதுசா எந்தப் பேப்பர் வந்தாலும் நாலு மூலைக்கும் மஞ்ச வெப்போம். அந்தப் பழக்கத்துல வெச்சிட்டேன். மூலைய மறைச்சா ஸ்கேன் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறதே நான்தான். நேத்து சந்தோசத்துல அது நெனப்புக்கே வரல."

சித்ரா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "எங்க ஊர்லயும் ஆயுத பூஜை உண்டு. ஆறு இடத்துலயும் இப்படி ஆனா நான் என்ன செய்யறது?"

"ஆவும் மேடம். வருசா வருசம் ஆவும். ஸ்டிக்கர எங்க ஒட்னாலும் தேடிப் போயி பொட்டு வெப்பாங்க. ஆப் செய்யும்போதே நான் அத யோசிச்சிருக்கணும். யோசிக்கல."

போச்சு, என்று நினைத்துக்கொண்டேன். சித்ரா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தன்னோடு வந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார். என் கையிலிருந்த காகிதங்களை எங்கே ஒளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மடையனைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும், நாலு அறை விடவும் வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நைனா! ரெண்டாம் நம்பரு மெஷினு. வேலை நாப்பத்தி ஒண்ணு. ஸ்டார்ட் பண்ட்டேன். போட்டுக்கோ!"

அப்துல் ரசாக்தான். சொன்னவர் லேத்தை ஓடவிட்டார். மணவாளனுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஓடிப்போய் டி.வி.யோடு இணைத்திருந்த லேப்டாப் முன்னால் குந்தினான். ஃபோன் வேலை செய்யாத நாளுக்காகக் கையால் போடுகிற வழி ஒன்று அதில் உண்டு; பதற்றத்தில் அது அவனுக்கே மறந்திருந்தது. தட்டினான். டி.வி.யில் ஒரு சிவப்புக் கட்டம் பச்சையானது.

"அஞ்சாம் நம்பரு! வேலை நாப்பத்தி நாலு!" என்று இன்னொரு மூலையிலிருந்து ஒருவன் கத்தினான். மெஷின் ஓடத் தொடங்கியது. ஒரு பச்சை.

"ஏழு! பழைய வேலையேதான் அண்ணாத்தே, முந்தா நேத்துது!"

"எட்டு, ஒம்பது ரெண்டும் நான்தான்! அம்பதுன்னு போடு!"

மெஷின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்க, அந்தச் சத்தத்துக்கு மேலே எழும்ப அவர்களும் தொண்டை கிழியக் கத்தினார்கள். மணவாளன் வியர்க்க வியர்க்கத் தட்டிக்கொண்டே இருந்தான். கோயம்பேட்டில் காய்கறி ஏலம் விடுகிற மாதிரி இருந்தது.

"நைனா, மூணாம் நம்பரு! சரக்கு வரல!"

மணவாளன் தலையைத் தூக்கி ஜெயராமனைப் பார்த்தான்.

"போடு நைனா, இன்னா பாக்கற? முதலாளி பேருக்குப் போடு!" என்றான் அந்த மூன்றாம் நம்பர் மெஷின்காரன். பட்டறையே சிரித்தது. ஜெயராமனும் சிரித்துவிட்டார். மூன்றாம் கட்டம் சிவப்பாகவே நின்று, அதன் கீழே 'ஜெயராமன்' என்று எழுதிக்கொண்டது.

சித்ரா நகரவில்லை. டி.வி.யை விட்டுவிட்டு அந்த மனிதர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக அப்துல் ரசாக்கிடம் போனார்.

"ஐயா, இதெல்லாம் வந்தா உங்களை வேவு பார்ப்பாங்கன்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணிச்சே. போடான்னு தொரத்திவுட்டேன். போவலியே இவன். பக்கத்துல வந்து குந்திகினு, உனக்கு இன்னா கஷ்டம்னு கேட்டான். சொன்னத மாத்தியும் குட்த்தான். இன்னிக்கு எங்க மேல பழி வர்றப்ப நான்தான்னு முன்னால வந்து நின்னான். அவன எப்டிம்மா வுட்டுக்குடுக்கறது?"

சித்ரா அந்த லேத்தில் மஞ்சள் வைத்த ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தார். பிறகு சிவராமனிடம் வந்தார். "இதே மாதிரி ஒண்ணை வேற ஒருத்தர்கிட்ட ஏற்கெனவே வாங்கினோம். ஒட்டின அன்னைக்கே எங்க ஆளுங்க ஸ்டிக்கரைக் கிழிச்சுப் போட்டாங்க. பொட்டு வெக்கிற அளவுக்கெல்லாம் நாங்க போகவே இல்லை. ரெண்டு இடத்துல ஆரம்பிக்கலாம். ஆனா இந்தப் பையன்தான் வரணும். வந்து அங்கேயும் உட்காரணும்."

நான் காகிதத்தை நீட்டிய வேகத்தில் பேனா கீழே விழுந்தது.

திரும்பும்போது காரில் சிவராமன் மெதுவாக ஆரம்பித்தார். "கஸ்தூரி, ஆறு இடம்னு நினைச்சோம், ரெண்டுதான் ஆச்சு. மணாவுக்கு இப்போதைக்கு நாற்பத்தைஞ்சு போடுங்க. மீதி அப்புறம் பார்த்துக்கலாம்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "கையெழுத்து போட்டா அறுபதுன்னு என் முன்னாடிதான் சொன்னீங்க சார். எத்தனை இடம்னு சொல்லலை. அதோட, தப்பை அந்த ஆளுங்க தலையில கட்டப் பார்த்தது நீங்க. காப்பாத்தினது அவன்."

அவர் சிக்னல் விளக்கையே பார்த்தார். பிறகு, "வர வர உங்க வாய் ரொம்ப நீளுது. சரி, அறுபதே போடுங்க" என்றார். ஓரக்கண்ணால் பார்த்தேன். காதெல்லாம் சிவந்திருந்தது. சிவராமன் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த மாதச் சம்பளம் போடும்போது மணவாளனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். 'ப்ராடக்ட் மேனேஜர்' என்று மட்டும் இருந்தது. அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். ஃபோனை எடுத்து, "அம்மா, ஆயிட்ச்சிம்மா" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பெங்களூர்க்காரர்கள் மறுபடி கூப்பிட அதிக நாள் ஆகவில்லை. அன்றைக்கு அவன் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். அவன் கதவைச் சாத்தியதே கிடையாது.

"பெங்களூர்லேர்ந்து கூப்ட்டாங்கக்கா. ஓசூர் வேலை ரெண்டும் நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டுத்தான் வருவேன்னு சொன்னேன். காத்துகினு இருக்கறோம்னாங்க."

"போயிடுவியா?"

"போவேன்கா" என்றான். மழுப்பவில்லை.

இவன் போனால் இந்த மாடியில் சிரிப்புச் சத்தமே குறைந்துபோகும். ஓசூருக்கு வேறு யாரை அனுப்புவோம்? நல்ல ஆளை வெளியே போகவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். அதற்கும் சேர்த்துத்தான் சிவராமன் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார். இரு, ஐயாயிரம் ஏற்றித் தரச் சொல்கிறேன், அம்மாவை விட்டுவிட்டு ஏன் போகிறாய் என்றெல்லாம் சொல்லலாம். சொன்னால் ஒருவேளை நின்றுவிடுவான். அப்படிப்பட்ட பிள்ளைதான்.

"எவ்வளவு கேக்கப் போற?" என்றேன்.

"வருசத்துக்குப் பன்னெண்டு லட்சம் கேக்கலாம்னு கீறேன். ஜாஸ்தியாக்கா? ஓவரா போறானேன்னு நெனச்சிக்குவாங்களா?"

நான் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினேன். "வெளியில என்ன தர்றாங்கன்னு எனக்குத் தெரியும் மணவாளா. பதினெட்டு கேளு."

"பதினெட்டா!" என்று வாயைப் பிளந்தான்.

"பதினெட்டு. ஒரு ரூபாய் குறைச்சுக் கேட்டுட்டு வந்து நின்னியோ, உன்னை வெளியே விடற காகிதத்துல நான் கையெழுத்தே போட மாட்டேன். போ, போய்க் கேளுடா."

அவன் சாத்திய கதவை நானே எழுந்துபோய்த் திறந்துவிட்டேன்.